நூறு மணித்தியாலம் ஓடும் ஜப்பானிய ஆர்பிஜியை வேலைக்குப் போய்க்கொண்டே முடிக்க முடியுமா? அதில் எந்தக் கிளாஸை எடுப்பது?

'ட்ராகன் குவெஸ்ட் 7' என்ற ஆர்பிஜியை (ஒரு பாத்திரமாக இருந்து கதையோடு விளையாடும் வீடியோ கேம்) தொடங்கிப் பன்னிரண்டு மணித்தியாலம் ஆகிவிட்டது, இன்னும் கிளாஸ் (பாத்திரத்தின் தொழில்) மாற்றும் இடமே வரவில்லை, கதையும் ஊர் ஊராகச் சுற்றுகிறது, விட்டுவிடட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். விடாதீர்கள். கொழும்பில் வெள்ளவத்தையில் இருந்து கோட்டைக்கு வேலைக்குப் போய்வந்துகொண்டு, 2022இல் நான் அதை 118 மணித்தியாலத்தில் முடித்தேன். அதில் ஒரு இருபது மணித்தியாலம் என் பிழையால் போனது. அது உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இந்தப் பதிலை நீளமாக எழுதுகிறேன்.

முதலில் எந்தப் பதிப்பு என்று பாருங்கள். மூல கேம் 2000 ஆகஸ்ட் 26இல் ஜப்பானில் ப்ளேஸ்டேஷனுக்கு இரண்டு டிஸ்க்காக வந்தது. நின்டெண்டோவின் கையடக்க மெஷினான 3டிஎஸ்ஸுக்கான பதிப்பு அங்கே 2013இலும் ஐரோப்பாவில் 2016இலும் வந்தது. நான் விளையாடியது இந்த ஐரோப்பியப் பதிப்பு. லண்டனில் இருக்கிற பெரியம்மாவின் மகன், எங்கள் அண்ணா, தன்னுடைய பழைய 3டிஎஸ்ஸை இந்தக் கார்ட்ரிஜோடேயே கொடுத்துவிட்டிருந்தார். 3டிஎஸ்ஸில் பிராந்தியப் பூட்டு உண்டு. அமெரிக்க கார்ட்ரிஜ் ஐரோப்பிய மெஷினில் ஓடாது. இரண்டாம் கைக்கு வாங்குகிறவர்கள் இரண்டும் ஒரே பிராந்தியமா என்று கட்டாயம் பாருங்கள்.

ப்ளேஸ்டேஷன் பதிப்பில் முதல் சண்டை வரவே இரண்டு மூன்று மணித்தியாலம் பிடிக்கும். 3டிஎஸ்ஸில் அந்தத் தொடக்கத்தைச் சுருக்கியிருக்கிறார்கள். அப்படியும் எனக்கு முதல் அரக்கனான ஸ்லைமைக் காண ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போனது. அதுவரைக்கும் நாயகனான ஒரு மீனவரின் மகன், ஊர்த் தலைவரின் மகள் மாரிபெல், இளவரசன் கீஃபர் ஆகிய மூவரும் எஸ்டார்ட் என்ற தீவைச் சுற்றி நடந்துகொண்டே இருப்பார்கள். உலகத்தில் அந்த ஒரு தீவைத் தவிர வேறு நிலமே இல்லை என்பது அவர்களுடைய நம்பிக்கை. பிறகு உடைந்த கற்பலகைத் துண்டுகளைச் சேர்த்துப் பீடத்தில் பொருத்தினால், மறைந்துபோன ஒரு தீவின் பழைய காலத்துக்குப் போகலாம். அங்கே உள்ள துயரத்தைத் தீர்த்துவிட்டுத் திரும்பினால், அந்தத் தீவு நிகழ்காலத்தில் கடலில் இருந்து எழுந்து நிற்கும். முழுக் கேமும் இப்படித்தான் போகும்.

இதைப் பிடித்துக்கொண்டால் வேகம் பற்றிய கவலை அரைவாசி குறையும். இது ஒரே நாவல் இல்லை, சிறுகதைத் தொகுப்பு. ஒவ்வொரு தீவுக்கும் அதற்கென்று தொடக்கமும் முடிவும் உண்டு. 'மெயின் கதை எப்போது தொடங்கும்' என்று காத்திருந்தால் நாற்பது மணித்தியாலம் காத்திருக்க வேண்டியதுதான். எந்தத் தீவில் நிற்கிறீர்களோ அதுதான் அப்போதைக்கு மெயின் கதை. முதல் தீவில் வரும் மட்டில்டாவின் முடிவே எனக்கு இரண்டு நாள் மனதில் கிடந்தது. சாம்பல் நிற மழையில் ஊரே கல்லாகிப்போன தீவு ஒன்று இருக்கிறது. நாம் மருந்து கொண்டுபோவதற்குள் காலம் பிந்திவிட்டிருக்கும். இயந்திர வீரர்கள் முற்றுகையிடுகிற ஃபாரடேயில், இறந்துபோன எசமானுக்கு ஒரு ரோபோ தொடர்ந்து சூப் கொண்டுவந்து வைக்கும். நிகழ்காலத்தில் திரும்பிப் போய்ப் பாருங்கள், எத்தனையோ நூறு வருடம் கழிந்த பிறகும் அது அங்கேதான் நிற்கும்.

எனக்கு இந்த உண்மை விளங்கியது மின்வெட்டால். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்தோம். நான் 3டிஎஸ்ஸை வேலை செய்யும் இடத்தில் சார்ஜ் போட்டுக்கொண்டு வருவேன். முழுச் சார்ஜ் நாலு மணித்தியாலம் போல ஓடும். ஃபிளாட்டில் காற்று இல்லை, பால்கனிக் கதவைத் திறந்துவிட்டு, மெழுகுதிரியோடு எல்லோரும் ஒரே அறையில் இருப்போம். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ அம்மம்மா, "தம்பி, உதுக்குள்ள அப்பிடி என்னதான் கிடக்கு?" என்று கேட்டார். அன்றைக்கு விளையாடிய தீவின் கதையைச் சொன்னேன். அடுத்த நாளும் கேட்டார். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. ஒரு தீவு முடியும், அதைச் சொல்லுவேன், கரண்ட் வரும், படுப்போம். ஒருவருக்குச் சொல்ல வேண்டும் என்று விளையாடியபோது ஒரு தீவும் நீளமாகத் தெரியவில்லை.

ஆகவே நேரக் கணக்கு இப்படி வையுங்கள்: கிழமைக்கு ஒரு தீவு, போயா (பௌர்ணமி) லீவு வந்தால் இன்னொன்று. காலையில் கோட்டைக்குப் போகிற ரயிலில் இருபது நிமிடம் கிடைக்கும், அதில் கதையைத் தொடாதீர்கள். ரயில் நேரம் சண்டைக்கும் துண்டு தேடவும் மட்டும். 3டிஎஸ்ஸின் மூடியை மூடினால் விட்ட இடத்திலேயே உறங்கும், ஸ்டேஷனில் இறங்கும்போது தேவாலயம் தேடி ஓடி சேவ் செய்யத் தேவையில்லை. நின்றுகொண்டு ஒரு கையால் பிடித்து விளையாடுகிற நெரிசலில் வசனங்களை வாசித்தால் ஒன்றும் மனதில் நிற்காது. இந்தக் கேமின் உயிரே வசனத்தில்தான் இருக்கிறது. ஒவ்வொரு சம்பவத்துக்குப் பிறகும் கூட்டாளிகளோடு கதைக்கிற பொத்தானை அழுத்திப் பாருங்கள். மாரிபெல்லின் நாக்குக் கூர்மைக்காகவே நான் ஒவ்வொரு ஊரிலும் நாலைந்து தடவை அழுத்தினேன்.

இழுவையான இடங்களும் இருக்கின்றன, அதை மறைக்கமாட்டேன். ஒரே குகைக்குள் போன வழியே திரும்பி வருவது அடிக்கடி நடக்கும். கற்துண்டு ஒன்றைத் தவறவிட்டால் எந்தத் தீவில் விட்டோம் என்று தேடி அலைய வேண்டும். 3டிஎஸ்ஸில் துண்டு பக்கத்தில் இருந்தால் காட்டும் ரேடார் இருக்கிறது, அதைப் பார்த்தும் பிடிபடாவிட்டால் வெட்கப்படாமல் வழிகாட்டியைப் பாருங்கள். அந்தத் தேடலில் கதை இல்லை, நேரம் மட்டும்தான் போகும். அரக்கர்கள் கண்ணுக்கு முன்னால் நடமாடுவதால் விலகிப் போகவும் முடியும். திரும்பி வரும் வழியில் எல்லாம் விலகுங்கள்.

இனி கிளாஸ். ஆங்கிலப் பதிப்பில் வொகேஷன் என்று வரும், ஜப்பானிய மூலத்தில் வெறும் 'தொழில்' என்ற சொல்தான், நானும் தொழில் என்றே எழுதுகிறேன். 1992இல் வந்த 'ஃபைனல் ஃபேன்டஸி 5' என்ற இன்னொரு ஆர்பிஜி, முதல் கிறிஸ்டல் உடைந்ததுமே ஆறு தொழில்களைக் கையில் தந்துவிடும். இங்கே தொழில் மாற்றும் இடமான ஆல்ட்ரேட்ஸ் மடம் வரும்வரைக்கும் பொறுக்க வேண்டும். எனக்கு அது 24ஆவது மணித்தியாலத்தில் வந்தது. போனவுடன் தொழிலைத் தருவார்கள் என்று நினைத்தால், இருக்கிற மந்திரங்களையும் திறமைகளையும் பறித்துவிடுவார்கள். வெறுங்கையோடு அந்த அத்தியாயம் முழுவதையும் கடக்க வேண்டும். நான் மிகவும் கோபப்பட்டேன். இப்போது யோசித்தால் அந்தத் தாமதம் சரி என்றே படுகிறது. அதுவரை மீனவர் மகன் மீனவர் மகனாகவே இருக்கிறான், அவனுக்கு இயல்பாக என்ன வரும் என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது. அதனால் மடத்தில் அவனுக்கு என்ன தொழில் என்று தேர்ந்தெடுக்கும்போது கை சற்றுத் தயங்குகிறது. முதல் மணித்தியாலத்திலேயே தந்திருந்தால் பட்டியலில் பலமானது எது என்று பார்த்து அமுக்கியிருப்பேன்.

என் இருபது மணித்தியாலம் வீணாகியது இதற்குப் பிறகுதான். தொழிலில் படியேறுவது அனுபவப் புள்ளியால் இல்லை, சண்டைகளின் எண்ணிக்கையால். ஒவ்வொரு தொழிலிலும் எட்டுப் படி, அடிப்படைத் தொழில் ஒன்றை முழுதாகத் தேறவே நூறு சண்டைக்கு மேல் வேண்டும். இதைக் கேட்டதும் நான், மடத்தைச் சுற்றி நின்று பலவீனமான அரக்கர்களை மூன்று கிழமை அடித்தேன். நம்முடைய லெவலுக்கு மிகவும் கீழான இடத்தில் அடிக்கிற சண்டை அந்தக் கணக்கில் சேராது. நான் பாதிக்கு மேல் அடித்தது காற்றில் போனது. படி ஏறாமல் நின்றுவிட்டால் அது அடுத்த தீவுக்குப் போகச் சொல்கிற அறிகுறி. கதையோடு நடந்துகொண்டே போனால் தொழில் தானாகத் தேறும், எங்கும் நின்று அடிக்கத் தேவையில்லை.

எதைத் தேர்ந்தெடுப்பது? மடத்துக்கு வரும்போது உங்களிடம் மூன்று பேர் இருப்பார்கள்: நாயகன், மாரிபெல், ஓநாய்ப் பையன் ரஃப். இரண்டு அடிப்படைத் தொழில்களைத் தேறினால் இடைநிலைத் தொழில் ஒன்று திறக்கும். வாரியரும் (போர்வீரர்) மார்ஷியல் ஆர்ட்டிஸ்டும் (கைகால் சண்டைக்காரர்) சேர்ந்தால் கிளாடியேட்டர். மார்ஷியல் ஆர்ட்டிஸ்டும் பிரீஸ்டும் (காயம் ஆற்றுகிறவர்) சேர்ந்தால் பலடின். மேஜும் (மந்திரவாதி) பிரீஸ்டும் சேர்ந்தால் சேஜ். கவனித்தீர்களா, மார்ஷியல் ஆர்ட்டிஸ்டும் பிரீஸ்டும் இரண்டு இரண்டு கதவுகளுக்குச் சாவி. என்ன எடுப்பது என்று தெரியாதவர் இந்த இரண்டில் ஒன்றில் தொடங்கினால் எந்தச் சண்டையும் வீணாகாது. நான் இன்னொரு முறை விளையாடினால் நாயகனைப் பிரீஸ்டில் தொடங்கிப் பலடினாக்குவேன், ரஃப்பைக் கிளாடியேட்டராக்குவேன், மாரிபெல்லைச் சேஜாக்குவேன்.

நாயகனுக்கு ஏன் பிரீஸ்ட் என்றால், கடைசிவரை உங்களை விட்டுப் போகாத ஒரே ஆள் அவன்தான். (இனி வரும் பத்திகளில் கதையின் திருப்பங்கள் வருகின்றன, தெரிய வேண்டாம் என்பவர்கள் இங்கேயே நிறுத்துங்கள்.) மாரிபெல் நடுவில் தகப்பனுக்குச் சுகமில்லை என்று வீட்டோடு தங்கிவிடுவாள், நெடுநேரம் கழித்துத்தான் திரும்பி வருவாள். காயம் ஆற்றுகிற பொறுப்பு முழுவதையும் அவளிடம் கொடுத்துவைத்திருந்த நான், அவள் போன பிறகு வந்த முதல் பாஸிடம் (பெரிய எதிரியிடம்) ஐந்து தடவை தோற்றேன்.

இன்னொன்று, 3டிஎஸ்ஸில் மட்டும். அடிப்படைத் தொழிலில் கற்ற திறமைகள் தொழில் மாறினாலும் கூடவே வரும். இடைநிலையிலும் அதற்கு மேலும் கற்றவை அந்தத் தொழிலில் இருக்கும்வரைக்கும்தான். ப்ளேஸ்டேஷன் பதிப்பில் எல்லாமே தங்கும், அதனால் கடைசியில் எல்லோரும் எல்லாம் தெரிந்து ஒரே மாதிரி ஆகிவிடுவார்கள். எனக்கு 3டிஎஸ்ஸின் முறைதான் பிடித்தது. ஆளுக்கு ஓர் அடையாளம் நிற்கிறது. நீங்கள் செய்ய வேண்டியது, அடிப்படையில் இரண்டு மூன்றைக் கற்றுவிட்டு இடைநிலையில் ஒன்றில் உறுதியாக நிற்பது. தாவித் தாவி மாறினால் கையில் ஒன்றும் மிஞ்சாது. ஷெப்பர்ட் (ஆட்டிடையர்) போன்ற தொழில்களைப் பயனில்லை என்று பலர் ஒதுக்குகிறார்கள். ஆடு எண்ணும் பாட்டுப் பாடி உறங்கவைக்கிற ஒரு தொழிலை வேறு எந்தக் கேமில் பார்ப்பீர்கள்? ஒருவரையாவது சில நாள் அதில் விட்டுப்பாருங்கள்.

கீஃபரைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. மடத்துக்கு வரும் முன்னமே, பழைய காலத்தில் ஒரு நாடோடிக் கூட்டத்தோடு தங்கிவிடுவான். அவன் திரும்பி வருவதில்லை. பலத்தைக் கூட்டுகிற விதைகள் கிடைக்கும்போது பலரும் அடிதடிக்கு முன்னிற்கிற அவனுக்கே கொடுத்துவிடுவார்கள். ஜப்பானிய ரசிகர்கள் இதற்காகவே அவனை 'விதைத் திருடன்' என்று கூப்பிடுகிறார்கள். நானும் இருந்த விதையெல்லாம் அவனுக்குத்தான் கொடுத்தேன். நீங்கள் கொடுக்காதீர்கள், மடம் வரும்வரைக்கும் பையில் வைத்திருங்கள்.

அன்றிரவு அம்மம்மாவுக்கு இதைச் சொல்லும்போது எனக்குக் குரல் சரியாக வரவில்லை. விதை போன கவலை இல்லை. தகப்பன் அரசர் நிகழ்காலத்தில் அரண்மனையில் காத்துக்கொண்டிருக்கிறார், மகன் எத்தனையோ நூறு வருடத்துக்கு அப்பால் நின்றுவிட்டான், அந்தச் செய்தியை நாம்தான் அவரிடம் போய்ச் சொல்ல வேண்டும். அம்மம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பெரிய மகளை அவர் கடைசியாக நேரில் பார்த்துப் பதினொரு வருடம். பிறகு, "அந்தப் பெடியன் பேந்து வீட்டுக்கு ஒரு கடிதமாவது போட்டவனே?" என்று கேட்டார்.

எனக்கு அப்போது விடை தெரியாது. அந்தக் கேள்விக்காகவே மிச்சம் தொண்ணூற்றைந்து மணித்தியாலத்தையும் விளையாடினேன் என்றால் அது பொய்யில்லை. விடை இருக்கிறது, கடைசிக் காட்சியில், கடலில் வைத்து வருகிறது. அதை நான் இங்கே எழுதமாட்டேன். நான் முடித்த இரவில் கரண்ட் இருந்தது. ஆனாலும் அம்மம்மா லைட்டை நிற்பாட்டச் சொல்லிவிட்டுத்தான், சொல்லு என்றார்.