கடல் கேள்வி–பதில்: தொடுவாயை எப்போது கடக்கலாம்?

கேள்வி: எங்கள் கரையில் பெருக்கும் வற்றும் இரண்டடிதான். அப்படியிருக்க, களப்பு (கரையோர உப்பேரி) கடலோடு சேரும் நாயாறு, கொக்கிளாய் தொடுவாய்களில் மட்டும் நீரோட்டம் ஏன் இவ்வளவு வேகம்?
(வாசகர், முல்லைத்தீவு)

பதில்: பெருக்கின் உயரம் சின்னது, ஆனால் களப்பு பெரியது. அத்தனை நீரும் மணல்மேட்டை அறுத்த ஒரு ஒடுங்கிய வாயால் போய்வர வேண்டும். வெளியே பாயும் நீர் எதிரே வரும் அலையில் மோதும்போது அலை குறுகிச் செங்குத்தாகி உடைகிறது. ஒரு மீற்றர் அலை ஏறத்தாழ 1.3 மீற்றர் ஆழத்திலேயே உடைந்துவிடும். தொடுவாய் மேட்டில் பல நாட்களில் அவ்வளவு நீர்கூட இருக்காது.

பெருக்கு அட்டவணையை அப்படியே நம்ப வேண்டாம். கடலில் பெருக்கு உச்சம் கண்ட பிறகும் களப்பு நிறைந்துகொண்டே இருக்கும். ஆகையால் தொடுவாயில் நீரோட்டம் நிற்பது பிந்தித்தான். அந்த நிற்கும் நேரமும், உள்ளே பாயும் கடைசிப் பகுதியும்தான் நல்ல நேரம். பெருமழைக்குப் பிறகு அதுவும் கிடையாது. பெருக்கிலும் நீர் வெளியேதான் ஓடும். ஒரு தேங்காய் மட்டையைப் போட்டுப் பாருங்கள். 10 மீற்றரை 5 செக்கனில் கடந்தால் அது மணிக்கு 7 கிலோமீற்றருக்கு மேல். சுமையோடு சிறிய என்ஜின் உள்ள வள்ளம் அன்று காத்திருப்பதே சரி.

கேள்வி: கரைக்குத் திரும்பும்போது பின்னாலிருந்து அலை தூக்குகிறது. என்ன செய்வது?
(வாசகர், அளம்பில்)

பதில்: உடையும் இடத்துக்கு வெளியே நின்று சில நிமிடம் அலையைக் கவனியுங்கள். பெரியவை கூட்டமாக வரும், பின் சற்று ஓயும். ஓயும்போது ஒரு அலையின் முதுகில் ஏறி அதனோடே வாருங்கள். அதை முந்தினால் அணியம் (வள்ளத்தின் முன்பக்கம்) பள்ளத்தில் குத்தும். பின்தங்கினால் அடுத்தது பின்பக்கத்தைத் தூக்கி வள்ளத்தைக் குறுக்கே திருப்பிவிடும். கவிழ்வது பெரும்பாலும் இந்தத் திருப்பத்தில்தான். வலையையும் மீன் பெட்டியையும் அணியத்தில் குவிக்காதீர்கள். எரிபொருள் தாங்கியின் அடியில் படிந்த தண்ணீரும் கசடும் குலுங்கி என்ஜினை நிறுத்துவதும் இங்கேதான். வாயை நெருங்கமுன் வடிகட்டியைப் பாருங்கள்.

கேள்வி: நேராகத்தான் ஓட்டுகிறேன், வள்ளம் பக்கமாக இழுபடுகிறது. எப்படி அறிவது?
(வாசகர், செம்மலை)

பதில்: கரையில் ஒன்றன் பின் ஒன்றாகத் தெரியும் இரண்டு அடையாளங்களை, உதாரணமாக வாடியின் (மீனவர் குடிசையின்) முகட்டையும் அதன் பின்னுள்ள பனையையும், ஒரே கோட்டில் வையுங்கள். முன்னது இடப்பக்கம் விலகினால் நீங்கள் வலப்பக்கம் இழுபடுகிறீர்கள். முன்னதின் பக்கமே திருப்புங்கள். மணிக்கு 10 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும்போது குறுக்கே 3 கிலோமீற்றர் நீரோட்டம் என்றால், எதிர்ப்பக்கம் ஏறக்குறைய 17 பாகை சாய்த்துப் பிடிக்க வேண்டும்.

என்ஜின் நின்றால் திருத்தத் தொடங்கமுன் நங்கூரம். கயிறு ஆழத்தைப்போல் ஐந்து மடங்கு, கடல் கொந்தளித்தால் ஏழு. நங்கூரத்தோடு இரண்டு மீற்றர் சங்கிலியும் இருக்கட்டும். அணியத்தில் மட்டும் கட்டுங்கள். பின்பக்கம் கட்டினால் என்ஜின் பாரத்தோடு தாழ்ந்திருக்கும் பக்கத்தால் அலை உள்ளே ஏறிவிடும். கார்த்திகை, மார்கழியில் கரையோர நீரோட்டம் தெற்கே இழுக்கும். தேடி வருபவர்களிடம் அந்தத் திசையைச் சொல்லுங்கள்.