பள்ளி நூலகத்துக்குக் கம்பெனி பணம்: எந்த அக்ரிமென்ட்டில் கையெழுத்துப் போடலாம்?

கேள்வி: வக்கீல் ஐயாவுக்கு வணக்கம். நான் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை, மதுரை மாவட்டம் டி.கல்லுப்பட்டி பக்கம். 2019-இல் ஐந்து பேர் சேர்ந்து ஓர் அறக்கட்டளையைப் பத்திரப் பதிவு செய்து, டி.கல்லுப்பட்டி, சேடபட்டி ஒன்றியங்களில் 14 பள்ளிகளில் சிறு நூலகம் நடத்துகிறோம். பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியப் பள்ளிகள். இரண்டு மட்டும் அரசின் தனித் துறை நடத்தும் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள். பள்ளிக்கு ஒரு பீரோ, சில நூறு புத்தகங்கள். வாரம் ஒரு நாள் ஒரு பெண் வந்து கதை வாசித்து, புத்தகம் கொடுத்து வாங்குவார். இதுவரை பழைய மாணவர்கள் பணத்தில் ஓடியது. இப்போது சிப்ஸ் வகைகள் தயாரிக்கும் ஒரு நிறுவனம் தன் சி.எஸ்.ஆர். (நிறுவனச் சமூகப் பொறுப்பு) நிதியிலிருந்து 18 லட்சம் ரூபாய் தர முன்வந்திருக்கிறது. அவர்கள் அனுப்பிய அக்ரிமென்ட்டில் இப்படி இருக்கிறது: ஒவ்வொரு புத்தக அட்டையிலும் பீரோவிலும் அவர்கள் சின்னம், நூலகச் சுவரில் சிப்ஸ் பாக்கெட் படம், மாதம் ஒரு வாசிப்புத் திருவிழா நடத்தி இலவச பாக்கெட் கொடுப்பது, பிள்ளைகளின் படங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்தும் உரிமை. பீரோக்கள் நிறுவனத்தின் சொத்தாகவே இருக்குமாம். சம்பளத்துக்கு 5 சதவீதத்துக்கு மேல் கிடையாதாம். மார்ச் 31-க்குள் செலவாகாததை வட்டியோடு திருப்ப வேண்டும், அதற்கு அறங்காவலர்கள் தனிப்பட்ட முறையில் பொறுப்பு. எங்களுக்கு ஜி.எஸ்.டி. பதிவு இல்லை, ஆனாலும் 18 சதவீதம் போட்டு பில் கேட்கிறார்கள். இடையில் பேசி முடித்தவர் தனக்குப் பத்து சதவீதம் ரொக்கமாகக் கேட்கிறார். வருகிற சீதேவியை எட்டி உதைக்கக் கூடாது என்கிறார் எங்கள் பொருளாளர். கையெழுத்துப் போடலாமா?

பதில்: இந்த வடிவத்தில் போடாதீர்கள், அம்மா. ஆனால் பணத்தை வேண்டாம் என்றும் சொல்லிவிடாதீர்கள். அக்ரிமென்ட்டைத் திருத்திக் கேளுங்கள். நீங்கள் திருத்தச் சொல்லும் இடங்களில் பெரும்பாலானவை நிறுவனத்தையே சட்டச் சிக்கலில் மாட்டிவிடக் கூடியவை. அதை அவர்களுடைய சட்டப் பிரிவுக்குப் புரியவைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பணம் அவர்கள் இரக்கப்பட்டுத் தருவது மட்டுமல்ல. 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135-ஆம் பிரிவுப்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகிய மூன்றில் ஒன்றைத் தொட்ட நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். கல்வி அந்தப் பட்டியலில் இருக்கிறது. செலவிடாமலும், சட்டம் சொல்லும் கணக்குக்கு மாற்றாமலும் விட்டால், அந்தத் தொகையின் இரு மடங்கு அல்லது ஒரு கோடி, இதில் எது குறைவோ அது அபராதம். பொறுப்பான அதிகாரிகளுக்குத் தனியாக அபராதம் உண்டு. ஆகவே அவர்களுக்கும் உங்களைப் போல உண்மையாக வேலை செய்கிற ஓர் அமைப்பு தேவை. கைகட்டி நின்று பேச வேண்டியதில்லை.

சின்னம், சுவர்ப் படம், இலவச பாக்கெட் விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு மிகவும் உறுத்திய பகுதி இதுதான். சி.எஸ்.ஆர். விதிகள், தன் பொருளுக்கு விற்பனை ஆதாயம் தேடிச் செய்யும் ஸ்பான்சர் செலவு சமூகப் பொறுப்புச் செலவாகாது என்று நேரடியாகவே சொல்கின்றன. சுவரில் பாக்கெட் படம் வரைந்து அதைக் கல்விப் பணி என்று கணக்கில் எழுதினால், அந்தச் செலவு கணக்கிலேயே சேராமல் போகக் கூடும்.

சிப்ஸ் கம்பெனி என்பதால் இன்னொன்றும் சேர்கிறது. பள்ளிக் குழந்தைகளுக்கான பாதுகாப்பான உணவு குறித்து உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-இல் கொண்டுவந்த ஒழுங்குமுறைகள் இருக்கின்றன. கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த உணவுகளைப் பள்ளி வளாகத்திலும், பள்ளி வாசலிலிருந்து எந்தப் பக்கமும் 50 மீட்டருக்குள்ளும் பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது, விளம்பரம் செய்யக் கூடாது, இலவசமாகவும் கொடுக்கக் கூடாது. வாசிப்புத் திருவிழா என்று பெயர் வைத்தாலும் பாக்கெட் பாக்கெட்தான். காலை உணவுத் திட்டத்தில் உப்புமாவும் பொங்கலும் சாப்பிட்டுவிட்டுப் புத்தகம் எடுக்க வரும் பிள்ளையிடம், புத்தகத்தோடு ஒரு சிப்ஸ் பழக்கத்தையும் சேர்த்துக் கொடுக்க நீங்கள் இந்த நூலகங்களைத் தொடங்கவில்லை. இந்த ஒரு விதியை எழுத்தில் சுட்டிக்காட்டினாலே அந்தப் பத்தி வரைவிலிருந்து போய்விடும் என்று நம்புகிறேன்.

அப்படியானால் நிறுவனத்தின் பெயரே வரக் கூடாதா? வரலாம், நன்றி என்கிற அளவில். கோயில் மண்டபத்து ட்யூப் லைட்டில் 'இன்னார் உபயம்' என்று எழுதியிருக்கிறதே, அந்த அளவு. இதை நான் சும்மா சொல்லவில்லை. மத்திய மறைமுக வரிகள் வாரியம் 2019 அக்டோபர் 11 அன்று வெளியிட்ட 116-ஆம் எண் சுற்றறிக்கை கிட்டத்தட்ட இதையேதான் சொல்கிறது. நன்கொடையாளரின் பெயர் நன்றிக்காகப் போடப்பட்டு, அவருடைய வியாபாரத்துக்கு விளம்பரமாக இல்லாவிட்டால், அங்கே சேவை விற்பனை எதுவும் நடக்கவில்லை, ஜி.எஸ்.டி.யும் இல்லை. கோயில் வளாகத்தில் தந்தையின் நினைவாகக் கொடுத்தவர் பெயரை எழுதுவதைத்தான் அந்தச் சுற்றறிக்கையே உதாரணமாகக் காட்டுகிறது.

பில் கேட்பதன் விபரீதம் இப்போது புரிந்திருக்கும். 18 சதவீதம் போட்டு நீங்கள் பில் கொடுத்தால், விளம்பரச் சேவையை விற்றோம் என்று நீங்களே எழுதிக் கொடுத்ததாகிவிடும். அதே பணத்தை அவர்கள் சி.எஸ்.ஆர். என்று காட்ட முடியாது. உங்களுக்கும் இது அறப்பணியா வணிக வருமானமா என்று வருமான வரித் துறை கேட்க இடம் உண்டாகும். அதோடு, பதிவு இல்லாதவர் ஜி.எஸ்.டி. வசூலிப்பதை ஜி.எஸ்.டி. சட்டத்தின் 32-ஆம் பிரிவு தடை செய்கிறது. பில் வேண்டாம், நன்கொடை ரசீது போதும் என்று எழுதுங்கள்.

பிள்ளைகளின் படங்கள். அந்த உரிமை உங்களிடம் இல்லை, தலைமை ஆசிரியரிடமும் இல்லை. நீங்கள் எப்படி எழுதிக் கொடுப்பீர்கள்? 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயது நிரம்பாத எவரும் குழந்தைதான். அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். ஆண்டறிக்கைக்குப் படம் தேவையென்றால், பெற்றோரின் எழுத்துப்பூர்வ சம்மதம் வாங்கிய படங்களை மட்டும், பெயர் இல்லாமல், அறிக்கைக்கு மட்டும் தருகிறோம் என்று மாற்றுங்கள். விளம்பரத்துக்குக் கிடையாது. இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

சம்பள விஷயத்தில் அவர்கள் விதியைத் தவறாகப் படித்திருக்கிறார்கள். அந்த 5 சதவீத வரம்பு, நிறுவனம் தன் சி.எஸ்.ஆர். பிரிவை நடத்துவதற்கு ஆகும் பொது நிர்வாகச் செலவுக்கு. ஒரு குறிப்பிட்ட திட்டத்தை நடத்த நேரடியாக ஆகும் செலவு அதில் சேராது என்று விதியே சொல்கிறது. உங்கள் நூலகத்தில் அந்தப் பெண் வருவதுதானே திட்டம்? ஆள் இல்லாத பள்ளி நூலகம் என்னவாகும் என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும்: பூட்டிய பீரோ. மதுரை நத்தம் சாலையில் 2023-இல் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தது நம் ஊருக்குப் பெருமை. ஆனால் சேடபட்டியில் மூன்றாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைக்கு, வியாழக்கிழமை தவறாமல் வருகிற அந்த அக்காதான் நூலகம். அவருடைய சம்பளம், பஸ் செலவு, பயிற்சி எல்லாவற்றையும் திட்டச் செலவாகவே பட்ஜெட்டில் எழுதுங்கள். 18 லட்சத்தில் புத்தகத்தையும் பீரோவையும் குறைத்தாலும் பரவாயில்லை, இதைக் குறைக்காதீர்கள்.

பீரோ நிறுவனத்தின் சொத்தாக இருக்கவே முடியாது. 2021 ஜனவரியில் திருத்தப்பட்ட விதிகளின்படி, சி.எஸ்.ஆர். பணத்தில் உருவாகும் மூலதனச் சொத்து, சி.எஸ்.ஆர். பதிவு எண் உள்ள அறக்கட்டளை போன்ற அமைப்பிடமோ, பயனாளிகளின் குழுக்களிடமோ, பொது அதிகார அமைப்பிடமோதான் இருக்கலாம். பள்ளிக்குத் தருவதா, அறக்கட்டளை பெயரில் வைப்பதா என்பதில் என் யோசனை: பீரோவைப் பள்ளிக்கு எழுதிக் கொடுங்கள், புத்தகங்களை அறக்கட்டளை பெயரிலேயே வையுங்கள். புத்தகம் பள்ளியின் இருப்புப் பதிவேட்டில் ஏறிவிட்டால், கிழிந்தாலும் தொலைந்தாலும் தணிக்கையில் ஆசிரியர்தான் பதில் சொல்ல வேண்டும் என்ற பயம் வந்துவிடும். அந்தப் பயம் வந்தால் சாவி மேசைக்குள் போய்விடும். அறக்கட்டளை பெயரில் இருந்தால், இத்தனை சதவீதம் வரை கிழிவதும் தொலைவதும் இயல்பு என்று நீங்களே தீர்மானம் போட்டுக் கணக்கிலிருந்து நீக்கலாம். அந்தச் சதவீதத்தை அக்ரிமென்ட்டிலும் எழுதுங்கள்.

மார்ச் 31 அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. உங்கள் கணக்குக்குப் பணம் அனுப்பிவிட்டால் மட்டும் அது செலவாகிவிட்டதாகாது. நீங்கள் செலவழித்தால்தான் அவர்கள் கணக்கில் செலவு. நிதித் தலைமை அதிகாரி அதற்குச் சான்று தர வேண்டும். அதற்காக மார்ச் கடைசி வாரத்தில் கிடைத்த புத்தகத்தையெல்லாம் மூட்டையாக அள்ளி வாங்க வேண்டுமா? தேவையில்லை. அவர்களுடைய இயக்குநர் குழு இதைத் தொடர் திட்டம் என்று தீர்மானித்தால் போதும். தொடங்கிய ஆண்டு போக மூன்று ஆண்டுகள் வரை நடத்தலாம். செலவாகாத தொகையை நிதியாண்டு முடிந்த 30 நாளுக்குள் அதற்கென்று உள்ள தனி வங்கிக் கணக்குக்கு நிறுவனம் மாற்றிவிடும். நூலகம் ஒரு வருட வேலையும் அல்லவே. தவணை தவணையாகப் பணம், ஒவ்வொரு தவணைக்கும் ஆடிட்டர் கையெழுத்திட்ட பயன்பாட்டுச் சான்று என்று கேளுங்கள். செலவாகாத அசலைத் திருப்புவது நியாயம். வட்டியும், அறங்காவலரின் தனிப்பட்ட பொறுப்பும் நியாயமில்லை. பணத்தை வேறு வழியில் பயன்படுத்தினால் சட்டம் எப்படியும் உங்களைத் தனிப்பட்ட முறையில் கேட்கும். தாமதத்துக்கு உங்கள் ஓய்வூதியத்தையும் வீட்டையும் பிணையாக வைக்கத் தேவையில்லை.

அந்தப் பத்து சதவீதம்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அறக்கட்டளைப் பணத்தை அப்படிக் கொடுத்தால் அது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-ஆம் பிரிவில் வரும் நம்பிக்கை மோசடி. அதை மறைக்க எழுதும் பயன்பாட்டுச் சான்று இன்னொரு பொய். வரிப் பதிவும் ரத்தாகக் கூடும். போனில் பேச வேண்டாம். நிறுவனத்தின் சி.எஸ்.ஆர். பிரிவுக்கு மின்னஞ்சலில், இப்படி ஒருவர் கேட்கிறார், இது உங்களுக்குத் தெரிந்துதானா என்று கேளுங்கள். அந்த மின்னஞ்சலே பின்னால் உங்களுக்குப் பாதுகாப்பு.

இனி உங்கள் பக்கம் சரிசெய்ய வேண்டியவை. மத்திய நிறுவன விவகார அமைச்சகத்தில் சி.எஸ்.ஆர்.-1 படிவம் தாக்கல் செய்து பதிவு எண் வாங்கியதாக நீங்கள் எழுதவில்லை. 2021 ஏப்ரல் 1 முதல் அந்த எண் இல்லாத அமைப்பின் வழியாக நிறுவனம் சி.எஸ்.ஆர். பணி செய்ய முடியாது. ஆன்லைனில் தாக்கல் செய்வது. ஆடிட்டர், கம்பெனி செக்ரட்டரி அல்லது காஸ்ட் அக்கவுன்டன்ட் ஒருவர் டிஜிட்டல் கையெழுத்திட வேண்டும். மூன்று ஆண்டு அனுபவம் வேண்டும் என்பது விதி. 2019 முதல் நூலகம் நடத்திவரும் உங்களுக்கு அதில் தடையில்லை. வருமான வரியில் 12ஏ (அறக்கட்டளைக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடையாளருக்கு வரிச் சலுகை) பதிவும் வேண்டும். 2021-இல் புதுப்பித்தவர்களுக்குப் பெரும்பாலும் 2026-27 மதிப்பீட்டு ஆண்டு வரைதான் கொடுத்திருந்தார்கள், அதாவது 2026 மார்ச் 31 வரை. பதிவு தந்தபோது வந்த 10ஏசி உத்தரவில் தேதியைப் பாருங்கள். 2026 ஏப்ரல் 1 முதல் வருமான வரிக்குப் புதிய சட்டம் என்பதால் பிரிவு எண்களும் மாறுகின்றன; அதை ஆடிட்டர் பார்த்துக்கொள்வார். ஒரே ஆண்டில் பெரிய தொகை வந்து, வரிவிலக்குக்காக அறக்கட்டளை செலவிட வேண்டிய 85 சதவீதத்தைச் செலவிட முடியாமல் போனால் எந்தப் படிவம் போட வேண்டும் என்பதையும், பணம் வருவதற்கு முன்பே அவரிடம் கேட்டுவிடுங்கள்.

பள்ளி அனுமதி தனி விஷயம். தலைமை ஆசிரியர் வாய்மொழியாகச் சரி என்பது போதாது. ஒவ்வொரு பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானம் வாங்குங்கள். ஒன்றியப் பள்ளிகளுக்குக் கல்வித் துறை அலுவலர்களின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளுக்கு மதுரையில் உள்ள கள்ளர் சீரமைப்பு இணை இயக்குநர் அலுவலகத்தில் தனியாக மனு கொடுங்கள். இவ்விரண்டையும் ஒரே மனுவில் கேட்டால் கோப்பு அங்கும் இங்கும் அலையும்.

திருத்தங்களுக்கு நிறுவனம் சம்மதிக்கவில்லை என்றால் இன்னொரு வழி இருக்கிறது. பள்ளிகளுக்கு நேரடியாக நிறுவனங்களும் முன்னாள் மாணவர்களும் உதவ, மாநில அரசு 2022 டிசம்பரில் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' திட்டத்தைத் தொடங்கியது. பீரோ, அறைப் பராமரிப்பு போன்றவற்றை அதன் வழியாகச் செய்யச் சொல்லலாம். உங்கள் முன்னாள் மாணவர்கள் பணத்தை முழுக்க அந்தப் பெண்ணின் சம்பளத்துக்கு ஒதுக்கலாம்.

சம்மதித்தால், பெயர்ப் பலகை பற்றிய பத்தியில் இந்த வாசகத்தை மட்டும் அனுமதியுங்கள்: "இந்நூலகத்துக்கு (நிறுவனத்தின் பெயர்) சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து உதவியது." பீரோவுக்கு ஒரு சிறு தகடு, புத்தகத்துக்கு உள்பக்கத்தில் ஒரு சீட்டு, அட்டையில் வேண்டாம். ஐந்து அறங்காவலர்களும் கூடித் தீர்மானம் எழுதி, கையெழுத்திடப் போகிறவர் "அறக்கட்டளைக்காக, அறங்காவலர் என்ற முறையில்" என்று எழுதியே கையெழுத்திட வேண்டும். சி.எஸ்.ஆர். பதிவு எண்ணும் பள்ளி அனுமதிகளும் கைக்கு வரும் முன்பு பணத்தை வங்கிக் கணக்கில் வாங்க வேண்டாம்.