ஐரோப்பிய ஒன்றியத்தில் தேசிய நாடாளுமன்றங்களுக்கு அதிகாரம் ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

எல்லாம் ஒன்றியத்தின் தலைமையிடமான பிரஸ்ஸல்ஸில் முடிவாகிறது, அப்புறம் சொந்த நாட்டு நாடாளுமன்றம் எதற்கு என்பது உங்கள் கேள்வி. அதிகாரம் இருக்கிறது, ஆனால் பலரும் தேடும் இடத்தில் இல்லை.

2009 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த லிஸ்பன் ஒப்பந்தம் 'மஞ்சள் அட்டை' என்ற வழியைத் தந்தது. ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் ஒரு சட்ட முன்மொழிவை அனுப்பினால், "இது நாடுகளே பார்த்துக்கொள்ளும் வேலை" என்று 8 வாரத்துக்குள் நாடாளுமன்றங்கள் ஆட்சேபிக்கலாம். நாட்டுக்கு 2 வாக்கு. பொதுவாக மொத்த வாக்குகளில் மூன்றில் ஒரு பங்கு ஆட்சேபமாகச் சேர்ந்தால் ஆணையம் மறுபரிசீலனை செய்தே ஆகவேண்டும், கைவிட வேண்டும் என்ற கட்டாயம் மட்டும் கிடையாது. 2012-இல் இப்படி மஞ்சள் அட்டை காட்டப்பட்டபின் வேலைநிறுத்த உரிமை தொடர்பான முன்மொழிவு திரும்பப் பெறப்பட்டது. 2013-இல் ஐரோப்பிய அரசு வழக்கறிஞர் அலுவலகம் அமைக்கும் திட்டம், 2016-இல் வேறு நாட்டுக்கு அனுப்பப்படும் தொழிலாளர்கள் பற்றிய விதி, இரண்டிலும் ஆணையம் பின்வாங்கவில்லை. அவ்வளவு நாடாளுமன்றங்கள் ஒன்றாகச் சொல்லியும் கேட்கவில்லையே என்ற வருத்தம் நியாயமானதுதான்.

சரி, எங்கே பலிக்கிறது? டென்மார்க்கைப் பாருங்கள். அங்கே அமைச்சர் முக்கியமான விஷயத்தில் பிரஸ்ஸல்ஸ் பேச்சுவார்த்தைக்குப் போகும் முன் நாடாளுமன்றத்தின் ஐரோப்பிய விவகாரக் குழுவிடம் தன் நிலைப்பாட்டைச் சொல்லவேண்டும், பெரும்பான்மை எதிர்க்காவிட்டால்தான் அதோடு போகமுடியும். என்னைக் கேட்டால் மக்கள் நம்பிக்கைக்கு இதுதான் முக்கியம், ஏனென்றால் முடிவுக்குப் பிறகு "பிரஸ்ஸல்ஸ் திணித்துவிட்டது" என்று அமைச்சர் எளிதில் கைகழுவ முடியாது, அவர் எதற்குச் சம்மதித்தார் என்று கேட்க ஊரிலேயே ஆள் இருக்கிறது.