பேஸுக்கான ஸ்பீக்கரான சப்வூஃபரின் ஃப்ரீக்வென்சி ரெஸ்பான்ஸை, அதாவது எந்த ஹெர்ட்ஸில் எவ்வளவு சத்தம் வருகிறது என்பதை, வீட்டிலேயே அளக்க முடியுமா? அட்டைப் பெட்டியில் போட்டிருக்கும் '20 ஹெர்ட்ஸ்' உண்மைதானா?

அளக்கலாம். ஆனால் சோபாவில் மைக்கை வைத்து அளந்தால் பாதி சப்வூஃபர், பாதி ஹால்தான் கிடைக்கும்.

முதல் தடவை நான் அளந்தபோது 47 ஹெர்ட்ஸ் பக்கம் கோடு கிணற்றில் விழுந்த மாதிரி இறங்கியது. ஸ்பீக்கர் போய்விட்டது என்று பயந்து, எட்டு ஸ்க்ரூவையும் கழற்றி வெளியே எடுத்துப் பார்த்தேன். அதில் ஒரு குறையும் இல்லை. என் அறை 12 அடி நீளம், அதாவது 3.66 மீட்டர். ஒலியின் வேகமான விநாடிக்கு 343 மீட்டரை அதன் இரட்டிப்பால் வகுத்தால் 46.9 ஹெர்ட்ஸ்; அறையே எதிரொலிக்கும் ஒலி அது. அந்த ஒலி சுவரோரம் பலமாகவும் நடு அறையில் அமுங்கியும் இருக்கும். நான் மைக்கை நிறுத்தியிருந்தது நட்டநடுவில். சுவரோரம் தள்ளி வைத்ததும் பள்ளம் மேடாகிவிட்டது.

அறையை ஒதுக்க எளிய வழி, மைக்கை ஸ்பீக்கரின் கோனுக்கு (முன்னும் பின்னும் அசையும் கூம்பு) நெருக்கமாகக் கொண்டுபோவது. ஆடியோ பொறியாளர் டி. பி. கீல் 1974-இல் எழுதிக் காட்டிய முறை இது. பெட்டிக்குள் இருக்கும் ஸ்பீக்கர் (டிரைவர்) 10 இன்ச் என்றால் கோனின் நடுவிலிருந்து 1 சென்டிமீட்டர் தூரம். அவ்வளவு கிட்டத்தில் கோனின் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பும் சத்தத்தை விழுங்கிவிடும். கோன் முன்னே வரும்போது மைக்கில் இடிக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள், வால்யூமையும் நன்றாகக் குறைத்துவிடுங்கள்.

போன் ஆப் வேண்டாம். பல போன்கள் கீழ்ச் சுருதியை வெட்டிவிடும். காலிபரேஷன் ஃபைலோடு (மைக்கின் பிழையைத் திருத்தும் ஃபைல்) வரும் யுஎஸ்பி மைக்கும், இலவசமாகக் கிடைக்கும் ஆர்இடபிள்யூ (ரூம் ஈக்யூ விசார்ட்) மென்பொருளும் போதும். பேஸ் பூஸ்ட்டை அணைத்து, கிராஸ்ஓவர் திருகியை (மேல் ஹெர்ட்ஸை வெட்டுவது) அதிக ஹெர்ட்ஸ் பக்கம் கடைசிவரை திருகிவிட்டு, 10 ஹெர்ட்ஸிலிருந்து 300 வரை ஸ்வீப் (ஏறிக்கொண்டே போகும் ஒலி) ஓட்டுங்கள்.

மூடிய பெட்டி என்றால் வேலை முடிந்தது. ஓட்டை வைத்த பெட்டிதான் படுத்தும். அதன் ட்யூனிங் அதிர்வெண்ணில் (ஓட்டை பலமாக ஒலிக்கும் ஹெர்ட்ஸ்) கோன் ஏறக்குறைய அசையாது, சத்தம் போர்ட் எனப்படும் அந்த ஓட்டை வழியாக வரும். கோனை மட்டும் அளந்துவிட்டு 'இங்கே பேஸே இல்லையே' என்று புலம்புபவர்கள் நிறைய. மைக்கின் கெயினை மாற்றாமல் போர்ட்டின் வாயிலும் வைத்து அளக்க வேண்டும். அப்படியே கூட்டிவிடக் கூடாது. போர்ட் 7.5 செ.மீ., கோனின் விட்டம் 21 செ.மீ. என்றால் போர்ட்டின் வரைகோட்டை 9 டெசிபெல் இறக்கிவிட்டு, ஃபேஸோடு (இரண்டு அலையும் சேர்ந்து ஏறி இறங்குகின்றனவா என்ற கணக்கு) சேர்த்துக் கூட்ட வேண்டும். ட்யூனிங்குக்குக் கீழே கோனைப் பிடித்துவைக்கக் காற்று இருக்காது. ஸ்வீப்பின் தொடக்கத்தில் 'டக் டக்' என்று கேட்டால் உடனே நிறுத்துங்கள்.

மொட்டை மாடியில் மைக்கைத் தரையில் படுக்கவைத்து அளப்பது அறையை ஒதுக்க இன்னொரு வழி. காற்று இல்லாத நேரம் விடிகாலைதான் கிடைத்தது; இரண்டாவது ஸ்வீப்பில் கீழ்வீட்டு மாமா படியேறி வந்துவிட்டார்.

அந்த 20 ஹெர்ட்ஸ் விஷயம். முன்பு நான் கடையில் வாங்கிய ஒன்றின் அட்டையிலும் '20–200' என்றுதான் இருந்தது. அளந்தால் 60 ஹெர்ட்ஸை விட 20 ஹெர்ட்ஸ் 22 டெசிபெல் கீழே. பொய் என்று சொல்ல முடியாது, சத்தம் வரத்தான் செய்கிறது. பக்கத்தில் 'பிளஸ் ஆர் மைனஸ் 3 டெசிபெல்' (சத்தம் அதற்குமேல் ஏறி இறங்காது என்று அர்த்தம்) என்று இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அந்த எண்ணை வைத்து வாங்காதீர்கள்.