கீ ஆர்கனைசர் இருக்கட்டும், முதலில் கதவைப் பற்றிச் சொல்கிறேன்

தம்பி, ஜெர்மனிக்குக் கிளம்பும் முன் கனமான சாவிக்கொத்தைத் தூக்கிப்போட்டுவிட்டு கீ ஆர்கனைசர் வாங்கலாமா, எந்தக் கம்பெனி நல்லது, ஊரிலேயே வாங்குவதா என்று கேட்டிருக்கிறீர்கள். வேலூர் சத்துவாச்சாரி என்று பார்த்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். நானும் வேலூர்தான், கொசப்பேட்டை.

கம்பெனியும் விலையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். கீ ஆர்கனைசர் என்பது இரண்டு தகடு, நடுவில் சாவிகள், முனையில் திருகு. பேனாக்கத்தி மாதிரி விரிக்க வேண்டும், அவ்வளவுதான். திருகு நாளாக நாளாகத் தளரும், மாதம் ஒருமுறை இறுக்குங்கள். கத்தி வைத்த மாடலாக இருந்தால் கைப்பையில் வைக்காதீர்கள், விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள். பீரோ சாவி, வண்டிச் சாவியெல்லாம் அம்மாவிடம் கொடுத்துவிட்டு வாருங்கள்.

இங்கே ஜெர்மனியில் கவனிக்க வேண்டியது கதவு. நம் ஊரில் தாழ்ப்பாள் போட்டு, திண்டுக்கல் பூட்டை மாட்டி, இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் தெருவில் இறங்குவோம். இங்கே பெரும்பாலான ஃபிளாட்டுகளில் கதவுக்கு வெளியே அசையாத குமிழ்தான் இருக்கும். சாத்தினால் தானே பிடித்துக்கொள்ளும். சாவி இல்லாமல் திறக்க முடியாது.

2010 பிப்ரவரி, நான் ஸ்டுட்கார்ட் வந்து மூன்றாவது வாரம், ஞாயிறு ராத்திரி. குப்பை போட டீ-ஷர்ட்டும் ரப்பர் செருப்புமாக வெளியே வந்தேன். பின்னால் 'டக்'. சாவி அடுப்பு மேடையில், போன் சார்ஜில். தெருவில் பனி கொட்டுகிறது. வேலூர் வெயிலில் வளர்ந்த உடம்பு, மாடிப்படியில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தது. மேல் வீட்டு அம்மா பார்த்துவிட்டு ஒரு போர்வை கொடுத்து, பூட்டுத் திறப்பவருக்குப் போன் போட்டார். வந்தவர் ஒரு பிளாஸ்டிக் தகட்டைக் கதவிடுக்கில் செருகினார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. 190 யூரோ. அன்றைய கணக்கில் ஏறக்குறைய 12,000 ரூபாய்.

அதனால் போனிலேயே மொத்தத் தொகையைக் கேளுங்கள். "கதவு சாத்திக்கொண்டது, பூட்டவில்லை" என்பதை அழுத்திச் சொல்லுங்கள். சும்மா சாத்திய கதவுக்கு டிரில்லை எடுத்தால் வேண்டாம் என்று நிறுத்துங்கள். ஞாயிறு, ராத்திரி என்றால் கூடுதல் காசு.

அடுத்தது சாவியைத் தொலைப்பது. பல குடியிருப்புகளில் ஒரே சாவிதான் தெருக்கதவு, உங்கள் கதவு, நிலவறை எல்லாவற்றையும் திறக்கும். அது தொலைந்தால் கட்டடம் முழுக்கப் பூட்டு மாற்ற வேண்டும் என்று உரிமையாளர் சொல்லலாம், கணக்கு ஆயிரக்கணக்கான யூரோவுக்குப் போகும். உண்மையிலேயே மாற்றினால்தான் அந்தப் பணத்தைக் கேட்கலாம் என்று இங்குள்ள உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்ப்புச் சொன்னது. பயந்துபோய் உடனே எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். வந்ததுமே பொறுப்புக் காப்பீடு எடுங்கள். ஹாஃப்ட்ஃப்லிஷ்ட் என்பார்கள். அதில் சாவி தொலைவதும் சேர்ந்திருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். நம் ஆட்கள் சிலர் வீடு, ஆபீஸ், தபால்பெட்டி எல்லாச் சாவியையும் பளபளக்கும் ஒரே ஆர்கனைசரில் அடுக்கி, கூடவே முகவரிச் சீட்டும் தொங்கவிடுகிறார்கள். பார்த்தாலே எனக்கு வயிறு கலங்கும். ஆபீஸ் சாவியைத் தனியாக வையுங்கள். முகவரி வேண்டவே வேண்டாம்.

இன்னொன்றும் எனக்குப் பொறுக்காது. பத்து வருஷம் இருந்துவிட்டு எதிர்வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாது என்பவர்கள். குடியாத்தத்தில் எங்கள் ஆயா, அதாவது பாட்டி, பெரிய சாவிக்கொத்தை இடுப்பில் செருகியிருப்பாள். அவள் நடந்து வருவது அந்தச் சத்தத்திலேயே தெரியும். அத்தனை கெட்டியாக வைத்திருந்தவள், ஊருக்குப் போனால் பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு சாவியைக் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறுவாள். நானும் அடுத்த வாரமே ஒரு டப்பா முறுக்கோடு மேல் வீட்டுக்குப் போய், என் இரண்டாவது சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன். இப்போது கதவை இழுக்கும் முன் கை தானாகப் பாக்கெட்டைத் தொட்டுவிடுகிறது, அந்தச் சாவிக்கு வேலையே வரவில்லை. அந்த அம்மாவுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. அவர் வீட்டுச் சாவியும் என்னிடம் இருக்கிறது, அவரே கட்டிக் கொடுத்த நீலக் கயிற்றில், என் வாசல் ஆணியில்.