மணி அடித்த பிறகு

அன்புள்ள ஐயா,

ஐரோப்பியப் பயணத்தில், துறவிகள் இன்றும் வாழ்கிற ஒரு மடத்தின் பழைய கத்தோலிக்கத் தேவாலயத்துக்குப் போயிருந்தோம். பாதிக் கோயிலைக் கயிறு கட்டி மறித்திருந்தார்கள். மீதியைப் பார்த்து முடிப்பதற்குள் மணி அடித்தது. வழிபாட்டு நேரம், சுற்றிப் பார்க்க வந்தவர்கள் வெளியே போங்கள் என்றார்கள். டிக்கெட் வாங்கியவர்களை விரட்டுவது என்ன நியாயம்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நேரத்தை டிக்கெட் கொடுக்கும்போதே சொல்லாதது அவர்கள் தவறு. ஆனால் மணி அடித்ததும் நீங்கள் வெளியே போயிருக்க வேண்டியதில்லை. கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு, வழிபாட்டுக்கு இருக்கலாமா என்று கேட்டிருந்தால் அநேகமாகக் கடைசி பெஞ்சில் இடம் கிடைத்திருக்கும். அதற்கு டிக்கெட்டும் கிடையாது.

வியன்னாவுக்கு அருகே ஹைலிகன்குரோய்ட்ஸ் என்ற மடம் இருக்கிறது. சிஸ்டர்சியன் என்ற கத்தோலிக்கத் துறவற சபையினருடையது. 1133இல் தொடங்கியது. பகலில் வழிகாட்டியோடு சுற்றினேன். 1187இல் நேர்ந்தளிக்கப்பட்ட, தடித்த சுவர்கள் கொண்ட முன்பகுதி, 1295இன் உயர்ந்த கோதிக் பாணிப் பீடப்பகுதி என்று ஆண்டுகள் காதில் விழுந்தன, அவ்வளவுதான். ஒன்று மட்டும் உறுத்தியது: துறவிகளின் மர இருக்கைகள் ஏன் பீடத்தைப் பார்க்காமல் எதிரும் புதிருமாக இருக்கின்றன?

மாலையில் விளங்கியது. வெள்ளை அங்கியோடு வந்தவர்கள் இரு பக்கமாகப் பிரிந்து நின்றார்கள். லத்தீன் திருப்பாடலின் ஓர் அடியை ஒரு பக்கம் பாட, அடுத்ததை மறுபக்கம் எடுத்தது. அடியின் நடுவே ஒரு மூச்சு வாங்கும் அளவுக்கு நிறுத்தினார்கள். அந்த இடைவெளியில், பாடிய ஒலி கல் வளைவில் ஏறிக் கரைவது கேட்டது. பகலில் நான் அண்ணாந்து பார்த்துவிட்டு நகர்ந்த அதே வளைவு! 'தந்தைக்கும் மகனுக்கும்' என்ற துதி வரும் இடத்தில் எல்லோரும் இடுப்பு வளையக் குனிந்தார்கள். ஒரு முதியவர் மட்டும் முன்பலகையை இறுகப் பிடித்துக்கொண்டு குனிந்தார். நிமிர அவருக்குக் கொஞ்சம் நேரமானது.

கயிற்றுக்கு அப்பால் இருப்பது அவர்கள் அன்றாடம் புழங்கும் இடம். புனித ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) 6ஆம் நூற்றாண்டில் எழுதிய, சிஸ்டர்சியன்களும் பின்பற்றுகிற மட ஒழுங்கு, வருகிற விருந்தினரைக் கிறிஸ்துவாகவே வரவேற்கச் சொல்கிறது. வழிபாட்டு அழைப்பு கேட்டதும் கைவேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வரவும் சொல்கிறது. இரண்டும் மோதினால் மணிதான் ஜெயிக்கும். உங்களை அனுப்பியவரும் அந்த மணிக்குக் கட்டுப்பட்டவராகவே இருந்திருப்பார்.

அடுத்த முறை வாசல் பலகையில் 'மாலைப் புகழ்' எனப்படும் மாலை வழிபாட்டின் நேரத்தைப் பார்த்து, பத்து நிமிடம் முன்னதாகப் போய் உட்காருங்கள். எப்போது எழுவது, எப்போது அமர்வது என்ற கவலை வேண்டாம். முன்வரிசையைப் பார்த்துச் செய்தால் போதும்.