கனவு வந்தால்தான் படித்தது மனதில் நிற்குமா?

தேர்வுக்குப் படிக்கிறீர்கள், கனவு நினைவாற்றலைக் கூட்டும் என்று கேள்விப்பட்டிருக்கிறீர்கள், கனவே வராத நாளில் படித்ததெல்லாம் வீண்தானா என்று கேட்கிறீர்கள். வீணாகாது. ஏன் என்று சொல்கிறேன்.

நான் கார் ஓட்டப் பழகிய முதல் வாரம், கிளட்ச்சிலிருந்து காலை எடுக்கும்போதெல்லாம் வண்டி ஒரு உதறு உதறி நின்றுவிடும். நாலாம் நாள் இரவு ஒரு கனவு. கட்டில் தண்ணீரில் மிதக்கிறது, அதன் கால்மாட்டில் கிளட்ச் இருக்கிறது. திடுக்கிட்டு விழித்தால் என் இடது கால் போர்வையை அழுத்திக்கொண்டிருந்தது. மறுநாள் வண்டி ஒரே ஒரு முறைதான் நின்றது. கனவால்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அன்று பிடித்த ஆர்வம் இன்னும் என்னை விடவில்லை.

உறக்கம் நினைவுக்கு உதவுகிறது என்பதற்கு நல்ல சான்று உண்டு. புதிய நினைவுகளை முதலில் பிடித்துவைக்கும் மூளைப் பகுதி ஹிப்போகாம்பஸ். எலி ஓர் இடத்தில் நடமாடும்போது அங்கே எந்தெந்தச் செல்கள் சேர்ந்து துடித்தனவோ, அவை பின்னர் அது தூங்கும்போதும் சேர்ந்தே துடிப்பதை வில்சன், மெக்நாட்டன் என்ற மூளை ஆய்வாளர்கள் 1994இல் காட்டினார்கள். பகலில் நடந்த பாதையைத் தூக்கத்தில் மூளை மறுபடி நடந்து பார்க்கிறது.

கனவைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு 2010இல் வாம்ஸ்லி, ஸ்டிக்கோல்டு குழுவினர் செய்தது. 99 பேருக்குக் கணினியில் ஒரு சுற்றுவழிப் புதிரைக் கொடுத்துப் பழக்கினார்கள். பிறகு சிலர் தூங்கினார்கள், சிலர் விழித்திருந்தார்கள். சில மணி நேரம் கழித்து மறுபடி சோதித்தபோது, தூக்கத்தில் அந்தப் புதிர் வந்ததாகச் சொன்னவர்களே மிக அதிகமாக முன்னேறியிருந்தார்கள். விழித்தபடி அதையே நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. அந்தக் கனவுகளும் வழியை அப்படியே காட்டவில்லை. ஒருவருக்கு அந்த விளையாட்டின் இசை மட்டும் கேட்டது, இன்னொருவருக்கு முன்பு போன குகைகள் வந்தன. முதலில் திணறியவர்களுக்குத்தான் அந்தக் கனவு வந்தது என்பதைப் படித்ததும் என் கிளட்ச் நினைவுக்கு வந்தது.

ஆனால் அப்படிக் கனவு கண்டவர்கள் நாலே பேர். அதை வைத்துக் கனவுதான் நினைவை வளர்க்கிறது என்று முடிவுகட்ட முடியாது. உள்ளே நினைவுகளை அடுக்கும் வேலை நடக்கிறது, அதன் சத்தம் கொஞ்சம் வெளியே கேட்பதுதான் கனவு என்றே நான் நம்புகிறேன். சத்தம் கேட்காத நாளிலும் வேலை நடக்கும். அதோடு, கண்ட கனவில் பெரும்பகுதி விழித்ததும் மறந்துபோகிறது, ஆகவே கனவே வரவில்லை என்று நீங்கள் நினைக்கும் இரவிலும் வந்திருக்கலாம்.

அதனால் கனவைத் தேடாதீர்கள், தூக்கத்தை வெட்டாதீர்கள். முன்னிரவில் ஆழ்ந்த உறக்கம் அதிகம், விடியலை நெருங்க நெருங்கக் கனவு மிகுந்த உறக்கம் நீளும். நள்ளிரவு தாண்டியும் படித்துவிட்டு நாலு மணிக்கு அலாரம் வைத்தால், அந்தக் கடைசிப் பகுதிதான் பெரிதாகப் பறிபோகும். முடியாமல் விட்ட கணக்கைப் படுக்கும் முன் ஒருமுறை பார்த்துவிட்டு, அப்புறம் விளக்கை அணைத்துவிடுங்கள்.